தக்காளிக்குள் தலையை விட்டிருந்த புழு: உங்கள் செடியில் பார்த்ததையும் எழுதுங்கள்

மாடித்தக்காளி (தாம்பரம்)

காயைக் குடையும் காய்ப்புழுவைப் பற்றி இந்த வீட்டுத்தோட்டக் குழுவில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாட்டுத் தக்காளி, மழை விட்டதும் காய் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குப் பழம் பறிக்க மாடிக்குப் போனேன். செங்காயாக இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் காம்போரத்தில் வட்டமாக ஓட்டை. ஓட்டையிலிருந்து பாதி உடம்பு வெளியே நீண்டிருக்கிறது. பச்சை உடம்பு, பக்கவாட்டில் வெளிறிய கோடு. தலை உள்ளே.

காயோடு பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியிறங்கி அடுக்களை வரை வந்தேன். அது தின்பதை நிறுத்தவே இல்லை! செடியை விட்டு வந்தாயிற்று, மனுஷி கையில் இருக்கிறோம், எதுவும் அதற்குப் பொருட்டில்லை. வெளியே இருந்த பின்பாதி மட்டும் சின்னதாக அசைந்துகொண்டே இருந்தது. ஈரமாக ஒரு எச்சம் என் விரலில் விழுந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கத்தை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தைப் போடு, நல்லாத்தானே இருக்கு" என்றார். என்னால் முடியவில்லை. அன்றைக்கு வெறும் புளி ரசம்தான்.

மருந்து கேட்டு எழுதவில்லை, அது எனக்குத் தெரியும். அந்த அசைவு மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று மனதில் கிடந்தால் எழுதுங்கள்.

உசிலம்பட்டி கத்தரி

தக்காளியாவது பரவாயில்லை அக்கா, ஓட்டை வெளியே தெரிகிறது. கத்தரியில் வருகிறவன் முகத்தையே காட்ட மாட்டான். செடி முழுக்கத் தெம்பாக நிற்கும், ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கிக் கிடக்கும். தண்ணீர் பத்தவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் பத்தவில்லை என்றால் செடி மொத்தமும் அல்லவா வாடும்? கொழுந்தை ஒடித்து நகத்தால் நெடுக்காகக் கிழித்தேன். வெளிர் ரோஸ் நிறத்தில் ஒரு புழு. தண்டின் சோற்றைத் தின்றுகொண்டே போய், வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்து வைத்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் ஓடப் பார்த்தது, திரும்ப இடமில்லை, அப்படியே பின்பக்கமாக நகர்ந்தது. எனக்கு மறக்காமல் இருப்பது அந்தப் பின்வாங்கல்தான்.

இனி கத்தரி வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவும். வாடின நுனியைப் பார்த்தால் வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளுங்கள். கிள்ளியதைத் தொட்டியிலேயே போடாதீர்கள், மக்கும் குப்பையிலும் போடாதீர்கள். உள்ளே இருக்கிறவன் வெளியே வந்து மண்ணிலோ சருகிலோ கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்ப உங்கள் செடிக்கே வருவான். சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், இல்லையென்றால் எரித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த காயும் அப்படியே. வாரம் தவறாமல் கிள்ள வேண்டும், ஒருநாள் கிள்ளிவிட்டு ஓய்ந்தால் பயனில்லை. உள்ளே போனபிறகு வேப்பெண்ணெய் அடித்தால் இலை பளபளக்கும், அவ்வளவுதான். தண்டுக்குள் இருக்கிறவனுக்குச் சேதியே போகாது. பெண் அந்தின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதென்றால் கத்தரிக்கென்று விற்கும் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். தக்காளிக் காய்ப்புழுவுக்கானதை மாட்டினால் கத்தரி அந்து திரும்பிக்கூடப் பார்க்காது. பொறியில் விழுவது ஆண் மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணுவை மாற்றி பி.டி. கத்தரி என்று ஒன்றையே உருவாக்கினார்கள். நம் நாட்டில் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார்கள், பங்களாதேஷில் 2013ல் அனுமதித்தார்கள். சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒரு நாடு முழுக்க வாதாடும் அளவுக்கு இந்தப் புழு பெரிய ஆள், அதற்காகச் சொன்னேன்.

எலுமிச்சங்கிளை (ஈரோடு)

அக்கா சொன்ன அந்த "நிறுத்தவே இல்லை" எனக்கு நன்றாகப் புரிகிறது.

என்னுடையது கறிவேப்பிலை. இலைமேல் காக்கை எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்துக் கழுவப் பார்த்தேன். எச்சம் நகர்ந்தது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு சின்னதில் அப்படித்தான் இருக்கும், கறுப்பும் வெள்ளையும் கலந்து, பறவை எச்சத்தை அப்படியே அச்செடுத்த மாதிரி. கடைசியாகத் தோல் உரித்தபிறகுதான் பச்சையாகும்.

பச்சையான பிறகு என் பெண் பென்சில் நுனியால் அதைத் தொட்டாள். சட்டென்று தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேல் என்று ஒரு கவைக்கொம்பு வெளியே வந்தது! ஈரமாக, பளபளப்பாக. கூடவே ஒரு வாடை, அழுகின எலுமிச்சைபோல. மறு நொடி கொம்பு உள்ளே போய்விட்டது. அங்கே கொம்பு இருந்ததற்கான அடையாளமே இல்லை. பெண் பயப்படவில்லை, "இன்னொரு தடவை காட்டச் சொல்லும்மா" என்றாள். அது மறுபடி காட்டவில்லை.

அன்றிலிருந்து கறிவேப்பிலையில் புழுவைப் பார்த்தால் நான் எடுப்பதில்லை. வீட்டில் குழம்பு தாளிக்க அடுத்த வீட்டில் ஒரு கொத்து கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இதைக் காய்ப்புழுவோடு ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். நம் தமிழ்நாடே 2019ல் தமிழ் மறவன் என்று ஒரு வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்திருக்கிறது. வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் எப்படி?

உசிலம்பட்டி கத்தரி

மேடம், தமிழ் மறவன் உங்கள் கறிவேப்பிலைக்கு வருவதில்லை. அது காட்டில் இருக்கிறது, அதன் புழுவுக்கு வேறு செடி. நீங்கள் வளர்ப்பது வேறு.

என் கேள்வி ஒன்றுதான். தோட்டத்தில் பத்தடி மரம் இருந்தால் நானும் விட்டுவிடுவேன். தொட்டியில் முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு கன்று, அதில் நாலு புழு. கடைசி இலை வரை மொட்டையடித்துவிட்டு நாலும் பட்டினி கிடக்கும். செடியும் இல்லை, பூச்சியும் இல்லை. இதற்கு என்ன பதில்?

அடுத்த வீட்டுக் கறிவேப்பிலையில் இருக்கும் புழுவுக்கு யார் பாவம் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லவும்.

எலுமிச்சங்கிளை (ஈரோடு)

பதில் இருக்கிறது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், எல்லாம் அதே குடும்பம். கோயில் வில்வ மரத்தில் கொண்டுபோய் விட்டேன். இலையோடு கிள்ளி அங்கே ஒரு கிளையில் செருகினால் தானே நடந்து போய்விடுகிறது. அடுத்த வீட்டுக்காரர் மருந்து அடிப்பதில்லை, அவரும் என் கட்சிதான்.

மருதடி வளவு (யாழ்ப்பாணம்)

இங்கே எல்லாரும் ஒன்று இரண்டு புழுவுக்குக் கலங்குகிறீர்கள். முருங்கை வைத்திருக்கிற ஆட்கள் ஒருவரும் இல்லையா?

மாரி தொடங்கி ஒரு கிழமை. எங்கட வளவில் கிணற்றடியில் நிற்கிற முருங்கை. பகலில் மயிருள்ள மசுக்குட்டிப் புழுக்கள் மேலே போகாமல் அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் என்று தெரியும், அம்மம்மா வீட்டிலும் கண்டதுதான். ஆனால் அன்று விடிய முகம் கழுவப் போனபோது மரத்தின் பட்டையே தெரியவில்லை. முழங்கால் உயரத்திலிருந்து என் தலைக்கு மேல் வரை மண்ணிறத்தில் மயிர். நான் வாளியை நிலத்தில் வைத்த சத்தத்துக்கு அந்த முழுத் திரளும் ஒரே நேரத்தில் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அசையாமல் கிடந்தது. மரம் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்த மாதிரி இருந்தது.

அப்பா தென்னோலைச் சூள் கட்டிக் கொளுத்திக்கொண்டு வந்தார். பொசுங்குகிற மணத்தை எழுத விருப்பமில்லை. விழுந்தவற்றைக் கூட்டிக் குழியில் போட்டு மூடினோம். ஆனால் நெருப்புச் சூட்டில் பறந்த மயிர் கொடியில் காய்ந்த உடுப்பில் படிந்திருந்தது ஒருவருக்கும் தெரியாது. அன்று இரவு முழுக் குடும்பமும் சொறிந்தது.

ஒன்று சொல்லவேண்டும். மயிர் குத்தினால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். ஒட்டுகிற செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி உரியுங்கள், மயிர் அதோடு வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் ஒன்றும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோவை கீழ்த்தளம்

தரையில் கறுப்பு உருண்டைகள். மிளகை விடப் பெரிது, வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. எலி என்று நினைத்து மனைவி பொறி வைக்கச் சொன்னார். எலி எச்சம் அந்த வடிவத்தில் இருக்காதே என்று நான் யோசித்துக்கொண்டே நின்றபோது இன்னொன்று, "டக்" என்று, என் காலுக்குப் பக்கத்தில் மேலிருந்து விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். கத்தரிச் செடி, அதன் இலைகள் பாதி இல்லை, காம்புகள் மட்டும். செடியில் எதுவும் இல்லை. இல்லை என்றுதான் ரொம்ப நேரம் நினைத்தேன். என் நடுவிரலை விட நீளமாக, விரலை விடப் பருமனாக ஒரு புழு என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தண்டைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. பச்சை மஞ்சள், சாய்வான பட்டைகள், பின்னால் வளைந்த வால்கொம்பு. அது தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பைத் தூக்கிவைத்தபடி அசையாமல் இருந்தது. இலையின் நரம்புகள் ஓடும் சாய்விலேயே அதன் பட்டைகளும் ஓடின. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு கணம் புழு, அடுத்த கணம் இலை.

மண்டையோட்டு அந்துப்பூச்சி என்று சொல்வார்களே, முதுகில் மண்டையோட்டு உருவம், தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும், பிடித்தால் கீச்சென்று கத்தும், அதன் குஞ்சு. எள் வயலிலும் வரும்.

நான் கொல்லவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஒரு குச்சியால் தொட்டபோது வாயை அடித்து "டிக் டிக்" என்று ஒரு சத்தம் எழுப்பியது. குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மறுநாள் செண்பகப் பறவை மதில்மேல் உட்கார்ந்திருந்தது. புழுவைக் காணோம். இரண்டையும் இணைத்துச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை.

மாடித்தக்காளி (தாம்பரம்)

கோவைத் தம்பி, அந்த "டக்" என்று விழுந்த இடத்தைப் படித்ததும் நான் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டேன். மின்விசிறிதான் இருக்கிறது.

மருந்து கேட்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன், யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

ஒட்டன்சத்திரம் வேளாண்மை

மருந்து கேட்கவில்லை என்றாலும் சொல்லவேண்டியது கடமை, மன்னிக்கவும்.

முதலில் என் அனுபவம், சுருக்கமாக. எங்கள் தக்காளிக் காட்டில் ஒரு மழைக்காலம், செடி உச்சியில் காய்ப்புழுக்கள் பின்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. கறுத்து, பளபளவென்று உப்பி. ஒன்றை விரலால் தொட்டேன். தோல் பட்டென்று கிழிந்து உள்ளே இருந்தது முழுவதும் தண்ணீராக வழிந்தது. சதை என்று ஒன்றும் இல்லை. அப்பா ஓடி வந்து, "கையைக் கழுவாதே, அதை ஒரு டம்ளர்ல சேர்த்து வை" என்றார்! என்ன மனுஷன் என்று நினைத்தேன்.

அது என்.பி.வி. என்னும் வைரஸ் நோய். நோய் பிடித்த புழு உச்சிக்கு ஏறித் தொங்கிச் சாகும், உடம்பு கரைந்து கீழே இலைகளில் சொட்டும், அதைத் தின்னும் மற்ற புழுக்களும் சாகும். செத்தவற்றை நசுக்கித் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சாயங்காலம் தெளிப்பார்கள். சாயங்காலம் ஏன் என்றால் வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைக் கெடுத்துவிடும். மனிதனுக்கோ தேனீக்கோ ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவின் வைரஸ் காய்ப்புழுவுக்குத்தான், உசிலம்பட்டித் தம்பியின் கத்தரிப் புழு அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும்.

இப்போது கடைகளைப் பற்றி. ட்ரைக்கோகிராமா கேட்டால் ட்ரைக்கோடெர்மாவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். ஒன்று முட்டைக்குள் முட்டையிடும் குட்டிக் குளவி, அட்டையில் ஒட்டி வரும். மற்றது வேரழுகலுக்குப் போடும் பூஞ்சைப் பொடி. பொடியை வாங்கி வந்து தக்காளிமேல் தூவிவிட்டுக் குளவி வரும் என்று காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்து, சுருக்கமாக பி.டி., லிட்டருக்கு 2 கிராம். புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும், மேலே பட்டால் ஒன்றும் இல்லை. தின்ற சில மணி நேரத்தில் இரை எடுப்பதை நிறுத்திவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் "மருந்து வேலை செய்யலை" என்று இன்னொன்றை அடிக்காதீர்கள். சின்னப் புழுவுக்குக் கேட்கும், பெருத்ததற்குக் கேட்காது. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் இது கேட்கவே கேட்காது. ஈரோட்டு அம்மா கவனிக்க: கறிவேப்பிலைப் பக்கம் காற்றில் போனால் உங்கள் செல்லங்களும் போய்விடும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி, காதி சோப்பு துளி. இது கொல்வதை விட வாயைக் கட்டும் மருந்து. வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, அன்றன்றைக்குச் செய்ய வேண்டும்.

காய்ப்புழு அந்தைத் தக்காளியிலிருந்து இழுக்கத் துலுக்க சாமந்தி வையுங்கள். வயலில் 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை என்று கணக்கு, சாமந்தி நாற்று 40 நாள், தக்காளி நாற்று 25 நாள். இரண்டும் ஒன்றாகப் பூக்கத்தான் இந்தக் கணக்கு. தக்காளி முடிந்தபிறகு சாமந்தி பூத்தால் வீட்டுக் கொலுவுக்கு ஆகும். மீன் அமிலத்தைப் பூச்சி மருந்தென்று சொல்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள், அது ஊட்டம்.

இன்னும் இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

கோவை கீழ்த்தளம்

கேட்க மாட்டோம் அண்ணா.

குளவிக்கூடு (கும்பகோணம்)

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் மண் உருண்டை. குளவி கட்டியது. வீடு வெள்ளையடிக்க வந்த ஆள் சுரண்டித் தள்ளினார், தரையில் விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து பச்சைப் புழுக்கள் கொட்டின. எல்லாம் என் அவரைப் பந்தலில் நான் தேடிக்கொண்டிருந்த அதே புழுக்கள்! அடையாளம் தெரிந்தது.

செத்தவை என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். ஒன்றின் வாய் அசைந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் உயிர் இருக்கிறது, ஆனால் நகர முடியவில்லை. புரட்டிவிட்டால் புரண்டபடியே கிடக்கின்றன. உடைந்த ஓட்டின் உள்பக்கம் நூலில் தொங்கிக்கொண்டு அரிசி முனையளவு ஒரு முட்டை.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். கூட்டுக்குள் புழு போவதைப் பார்த்திருக்கிறார்கள், குளவி வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நடப்பதை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். முதலில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, புழுக்களைக் கொட்டி மயக்கி, உள்ளே அடுக்கி மூடிவிடுகிறது. முட்டை பொரிந்து வருவது அவற்றை ஒவ்வொன்றாகத் தின்று வளரும். கெட்டுப்போகாமல் இருக்கத்தான் கொல்லாமல் வைத்திருக்கிறது. குரு பக்திக்கு உவமை சொன்ன பழமொழி, இப்போது எங்கே கேட்டாலும் எனக்கு அந்த வாயசைவுதான் ஞாபகம் வருகிறது.

மேலே ஒருவர் மாவுப்பூச்சி, அசுவினி, ட்ரைக்கோ என்று பெரிய பாடம் எடுத்திருக்கிறார். ஒன்றுமே அடிக்காமல் ஜன்னலைச் சுரண்டாமல் விட்டாலே பாதி வேலை முடியும் என்பது என் அபிப்பிராயம். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு தடவை பந்தலில் இறங்கி எழுந்தால் கீழே இலைதான் கிடக்கிறது, புழு இல்லை.

ஒட்டன்சத்திரம் வேளாண்மை

ஐயா, நாங்கள் விற்பதற்குப் பயிர் செய்கிறோம். குருவி எப்போது வரும் என்று சந்தைக்குத் தெரியாது.

ஓசூர் பனி

காலிஃபிளவர். பூவை விரித்தால் தெரியும் என்று நம்பாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, சொந்தத் தோட்டத்துப் பூ என்ற பெருமையில் சமையலறையில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் ஒரு கிளையைப் பிய்த்தாள். குட்டிப் பச்சைப் புழு ஒன்று, கால் அங்குலம்கூட இருக்காது, துள்ளித் துடித்துப் பின்னோக்கிக் குதித்து, விழாமல் நூலில் தொங்கியது. காற்றில் ஆடியது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதி இருக்கிறதே!

அம்மாதான் சாதாரணமாக நூலைச் சுண்டிவிட்டு, "மருந்தடிக்காத பூ, அதான் புழு இருக்கு" என்றார். கொதித்த தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு முக்கியதும் இன்னும் சில மிதந்தன. அதை நான் யாரையும் பார்க்க விடவில்லை.

வைரமுதுகு அந்துப்பூச்சி என்பது இதுதான். இறக்கை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வைர வடிவம் வரிசையாகத் தெரியும். எங்கள் பக்கத்துக் கோஸ் விவசாயிகள் கடுகு வரிசை போட்டு அதை இழுக்கப் பார்ப்பார்கள். மருந்து மாற்றி மருந்து அடித்துப் பலனில்லை என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். ஜாவாவில் 1953லேயே டி.டி.டி.க்குப் பழகிக்கொண்ட பூச்சி இது. ஒட்டன்சத்திரத்தார் சொன்ன பி.டி.க்கும் வயலிலேயே முதலில் பழகிய பூச்சியும் இதுதான்.

மொட்டைமாடி வாசி (வேளச்சேரி)

ஒரு புகார், புழுவைப் பற்றி அல்ல. எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து மாடிக்காரர் வெண்டையில் காய்ப்புழு என்று உரக்கடையில் ஏதோ கேட்டு வாங்கி வந்து அடித்தார். கையுறை கிடையாது, முகத்தில் துணி கிடையாது. வாடை எங்கள் ஹால் வரை. பாட்டிலைக் காட்டச் சொன்னேன், மோனோகுரோட்டோபாஸ். காய்கறிக்கு அதை 2005லேயே தடை செய்திருக்கிறார்கள். "கடைக்காரர் கொடுத்தார், நல்லா கேக்கும்னார்" என்கிறார். சாயங்காலமே அந்த வெண்டையைப் பறித்து எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார், பாசமாக.

அந்தக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் அங்கிள்" என்றேன். காய்களை என்ன செய்வது என்று தெரியாமல் குப்பையில் போட்டு, மாடு எடுத்துவிடுமோ என்று திரும்ப எடுத்துக் கட்டி வைத்தேன். அவற்றில் இரண்டில் புழு உயிரோடுதான் இருந்தது.

எலுமிச்சங்கிளை (ஈரோடு)

அவரிடம் நேரடியாகச் சொன்னீர்களா இல்லையா?

மொட்டைமாடி வாசி (வேளச்சேரி)

அங்கிளுக்கு எழுபது வயது. சங்கத் தலைவர். என் கார் நிறுத்தும் இடம் அவர் கையில் இருக்கிறது. அவர் மகளிடம் சொன்னேன், அவள் பாட்டிலை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டாள்.

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

நான் வீட்டுத்தோட்டக்காரன் இல்லை, ஆனால் என் அனுபவம் வீட்டில்தான். எங்கள் ஊர் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்ற 2018 எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் அந்தப் புழு இந்தியாவிலேயே கிடையாது. அமெரிக்கக் கண்டத்துப் புழு, ஆப்பிரிக்கா வழியாக வந்தது, அந்த ஆண்டுதான் கர்நாடகத்தில் கண்டார்கள். ஒரே பருவத்தில் எங்கள் குருத்தெல்லாம் சல்லடை.

அதற்கு அப்புறம் பையன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விதை என்று வீட்டு வாசலில் நாலு சோளம் ஊன்றியிருந்தான். ஒருநாள் குருத்தில் ஈர மரத்தூள் குவிந்ததுபோல் எச்சம். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. அவனே குருத்தைப் பிரித்தான். "அப்பா, இதோட நெத்தியில ஒய் போட்டிருக்கு, தலைகீழா" என்று கத்தினான். நெற்றியில் தலைகீழ் ஒய், வால் பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி. காட்டில் ஏக்கர் கணக்கில் அதைப் பார்த்து, வேளாண் அதிகாரிகள் சொல்லச் சொல்லக் கேட்டு, எனக்கு மனப்பாடம். அவனுக்கு அது புதுசு. செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படம் எடுத்தான். எங்கள் வீட்டுக்கு மூன்று பருவக் கடன் வைத்த புழுவை என் பிள்ளை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டைப் பிடித்து ஒரே டப்பாவில் இலையோடு போட்டு வைத்தான். காலையில் ஒன்றுதான் இருந்தது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். குருத்துக்கு ஒன்றுக்கு மேல் பெரிய புழுவைப் பார்க்க முடியாததற்கும் அதுதான் காரணம்.

மீதி மூன்று சோளத்தின் குருத்திலும் ஆற்று மணலைக் கைப்பிடி போட்டுத் தண்ணீர் தெளித்தேன். காட்டுக்கும் ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் அதைச் செய்திருக்கலாம்.

உசிலம்பட்டி கத்தரி

மணல் சரி. ஆனால் சிலர் சுண்ணாம்பையும் கலந்து போடச் சொல்கிறார்கள், குருத்து இளசாக இருந்தால் கருகிவிடும். வெறும் மணல் போதும். அப்புறம் அண்ணே, அந்த டப்பாவில் மிஞ்சியதை என்ன செய்தான் பையன்?

சோளக்காட்டான் (பெரம்பலூர்)

கோழிக்குப் போட்டான் தம்பி. படம் எடுத்து முடித்ததும்.